பனிக்குப் பிறந்து வெயிலுக்கு வந்த எண்

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழ் நாளிதழ்களில் வெயில் சதமடிக்கத் தொடங்கும். மதுரையில் சதம், வேலூரில் சதம், பாளையங்கோட்டையில் சதம் என்று தலைப்புகள் வரும். அது ஃபாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் 37.8 டிகிரி. பத்திரிகை நூறு என்று எழுதும் அதே பகலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சொகுசுக் காரின் டேஷ்போர்டு 39.5 என்று அரை டிகிரி சுத்தமாகக் காட்டிக்கொண்டிருக்கும். முன்சீட்டில் இருப்பவர் அதை வாய்விட்டுப் படிப்பார். பின்சீட்டிலிருந்து "நேத்து இதைவிட ஜாஸ்தி" என்று ஒரு குரல் வரும். தென்மாவட்டக் கார்ப் பயணங்களில் இது ஏறக்குறைய ஒரு சடங்கு.

அந்த எண் எதற்காக அங்கே வந்தது என்று தேடிப் போனால் வெயில் எங்குமே குறுக்கிடுவதில்லை. ஏசி இயந்திரம் தன் வேலைக்காகக் கேட்ட ஒரு தகவல், உறைபனியில் வழுக்கி விழும் சாலைகளைப் பற்றிய ஐரோப்பியரின் பயம், 1970களின் இறுதியில் சொகுசுக் கார் நிறுவனங்களுக்குள் நடந்த பொத்தான் போட்டி, இந்த மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. வெயில் ஊருக்கு அது குடிவந்தது பிற்பாடுதான். வந்தபோது பிறந்த ஊரின் பழக்கங்களையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. காரின் வெளிவெப்பக் காட்டி இன்று நம்மூரில் எப்போது உண்மை பேசுகிறது, எப்போது மழுப்புகிறது என்பதை அந்தப் பழக்கங்களே தீர்மானிக்கின்றன.

கார்கள் வெப்பம் காட்டத் தொடங்கியது 1910களில். ஆனால் முதலில் காட்டியது ஊரின் வெப்பத்தை அல்ல, தங்கள் வயிற்றெரிச்சலை. அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் உருவாக்கிய மோட்டோமீட்டர் 1912 வாக்கில் சந்தைக்கு வந்தது. ரேடியேட்டர் மூடியின் மேல் செங்குத்தாக நிற்கும் வட்ட வடிவ வெப்பமானி அது. ஓட்டுநர் முன்கண்ணாடி வழியே பார்த்து, உள்ளேயிருக்கும் சிவப்புத் திரவம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அது காரின் நெற்றிப்பொட்டாகவே இருந்தது. பிறகு அளவுமானிகள் டேஷ்போர்டுக்கு இடம்பெயர, மூடியின் மேல் சிலைகளும் சின்னங்களும் மட்டும் மிஞ்சின.

நம்மூரில் அந்தக் கவலை வெகுநாள் நீடித்தது. அம்பாசிடர் காலத்தில் வண்டிக்குச் சூடு என்றால் ரேடியேட்டர் கொதிக்கிறதா என்ற ஒரே கேள்விதான். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பானெட்டைத் திறந்து வைத்து, துணியால் மூடியைப் பிடித்துத் திருகி, ஆவி அடங்கியதும் தண்ணீர் ஊற்றிய தலைமுறைக்கு வெளியே எத்தனை டிகிரி என்று கார் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடியை இறக்கினால் தெரிந்துவிடும். கண்ணாடி ஏறி, ஏசி வந்து, உள்ளும் புறமும் தனித்தனி உலகமான பிறகே வெளியுலகத்தைப் பற்றி ஒருவர் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தப் பிரிவினைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1938-ல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அதில் தெர்மோஸ்டாட் சேர்ந்து 'வெதர் ஐ' என்ற பெயரில் புகழ்பெற்றது. 1940-ம் ஆண்டு மாடலில் பேக்கர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்திக் கொடுத்தது. ஆனால் குளிர் கூடினால் குறைப்பதும், குறைந்தால் கூட்டுவதும் ஓட்டுநர் கையில்தான் இருந்தது.

1964-ல் கேடிலாக் அந்த வேலையைக் காரிடமே ஒப்படைத்தது. 'கம்ஃபர்ட் கன்ட்ரோல்' என்ற அந்த அமைப்பில் ஓட்டுநர் 65 முதல் 85 ஃபாரன்ஹீட்டுக்குள் ஒரு வெப்பநிலையைத் தேர்ந்துவிட்டால் போதும், மிச்சத்தைக் கார் பார்த்துக்கொள்ளும். இதற்காக மூன்று இடங்களில் வெப்ப உணரிகள் வைக்கப்பட்டன: பயணிகள் இருக்கும் அறையில் ஒன்று, காற்று வரும் குழாயில் ஒன்று, வண்டிக்கு வெளியே ஒன்று. வெளிவெப்பக் காட்டியின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வெளியே எவ்வளவு வெப்பம் என்பது முதலில் காருக்குத் தெரிந்தது; உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அதைச் சொல்லலாம் என்று பிறகுதான் தோன்றியது.

அந்த உணரியின் மூலப்பொருளுக்கு வயது இன்னும் அதிகம். சூடாக்கினால் உலோகங்களின் மின்தடை கூடும். ஆனால் வெள்ளி சல்ஃபைடின் மின்தடை சூட்டில் குறைவதை மைக்கேல் ஃபாரடே 1833-ல் கண்டார். இந்தத் தலைகீழ்க் குணத்தை நம்பியே தெர்மிஸ்டர் என்னும் பொருள் பிறந்தது. விற்பனைக்கு ஏற்ற வடிவில் அதை 1930-ல் செய்துகாட்டியவர் அமெரிக்கர் சாமுவேல் ரூபன். இன்றும் பெரும்பாலான கார்களின் முன் பம்பருக்குப் பின்னால், கிரில்லின் அருகே, இரண்டு ஒயரோடு ஒரு சிறிய கறுப்பு பிளாஸ்டிக் முனை இருக்கும். அதன் நுனிக்குள் மிளகளவு தெர்மிஸ்டர். ரெனோ, பெஜோ போன்ற பிரெஞ்சுக் கார்களில் பக்கவாட்டுக் கண்ணாடியின் அடியில் அதைத் தேட வேண்டும். கட்டுப்பாட்டுக் கணினி 5 வோல்ட் அனுப்புகிறது. தெர்மிஸ்டர் சூடாகச் சூடாகத் தடை குறைகிறது, திரும்பிவரும் வோல்டேஜ் மாறுகிறது. அதிலிருந்து கணினி டிகிரியைக் கணக்கிடுகிறது. இதற்குமேல் அதில் சூட்சுமம் ஏதுமில்லை. சில நூறு ரூபாய் பெறும் உதிரி ஒன்றின் வாக்குமூலத்தைப் பல லட்ச ரூபாய் வண்டி தன் நெற்றியில் எழுதிக்கொள்கிறது.

மனிதருக்குக் காட்டும் வேலையை முதலில் அமெரிக்கர் எளிமையாகவே செய்தார்கள். 1970களில் கேடிலாக் கார்களில் ஓட்டுநர் பக்க வெளிக்கண்ணாடியின் கூட்டிலேயே ஒரு சிறு வெப்பமானியைப் பொருத்தி விற்றார்கள். இரவில் படிக்க அதற்கு விளக்கும் உண்டு. மின்னணுவியல் எதுவும் இல்லை. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பும்போது குளிரையும் பார்த்துக்கொள்ளலாம். விலைப்பட்டியலில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அது. வெளிவெப்பம் ஓர் ஆடம்பரம் ஆனது அங்கேதான்.

பிறகு எண்களின் காலம். 1976-ல் ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா முழு டேஷ்போர்டையும் எல்இடி எழுத்துகளால் நிரப்பி அதிசயம் காட்டியது. அடிக்கடி பழுதாகியும் காட்டியது. 1978-ல் கேடிலாக் செவில் பயணக் கணினியோடு வந்தது. 1980-ல் அறிமுகமான ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஸ்பிரிட்டில், வால்நட் மரப்பலகைக்கு நடுவே, மணியோடு வெளிவெப்பமும் மின்னணு எண்களில் ஒளிர்ந்தது. மெர்சிடஸ்-பென்ஸ் தன் எஸ்-கிளாஸிலும், பின்னர் டபிள்யூ 124 குடும்பக் கார்களிலும் அளவுமானிக்குள்ளேயே சிறிய எல்சிடி சதுரமாக அதை விருப்பப் பொருளாகக் கொடுத்தது.

இவர்களுள் இந்த எண்ணுக்கு ஒரு வேலை கொடுத்தது பிஎம்டபிள்யூ. 1981-ல் வந்த இரண்டாம் தலைமுறை 5 சீரிஸ் காரின் பயணக் கணினியில் எரிபொருள் செலவு, மிச்சமிருக்கும் டீசலோ பெட்ரோலோ எத்தனை கிலோமீட்டருக்குத் தாங்கும் என்ற கணக்கு இவற்றோடு வெளிவெப்பத்துக்கும் ஒரு பொத்தான் இருந்தது. வெப்பம் 3 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கும். ஃபோக்ஸ்வேகன், ஆடி, ஸ்கோடா வண்டிகளில் அது 4 டிகிரி. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பனித்துகள் சின்னமும் தோன்றும். தண்ணீர் உறைவது 0 டிகிரியில் என்றால் ஏன் 3, 4? உணரி இருப்பது தரைக்கு மேலே, அளப்பது காற்றை. தெளிந்த வானமுள்ள இரவில் சாலையின் மேற்பரப்பு காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கீழே மண் இல்லாத பாலங்கள் இன்னும் சீக்கிரம் குளிரும். காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே தார்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படிந்திருக்கலாம். அந்த இடைவெளிக்குத்தான் இந்த முன்ஜாக்கிரதை.

ஆக, இந்த எண்ணைச் செதுக்கியவர்கள் அதன் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேல்பக்கம் 38 ஆனாலும் 43 ஆனாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் காரும் மணி அடிப்பதில்லை.

தமிழ்நாட்டுக்கு அது வந்த வழி சுவையானது. மெர்சிடஸ்-பென்ஸ் 1994-ல் இந்தியாவில் கால்வைத்து, 1995-ல் புனேயில் டபிள்யூ 124 குடும்ப இ-கிளாஸைக் கட்டத் தொடங்கியது. பிஎம்டபிள்யூ வந்ததோ நேராகத் தமிழ்நாட்டுக்கு. செங்கல்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அதன் ஆலை 2007 மார்ச் 29 அன்று திறக்கப்பட்டது. 3 டிகிரிக்கு மணி அடிக்கும் கார் உருவாகும் இடம் அது. பனங்காடும் ஏரிகளும் சூழ்ந்த அந்த வட்டாரத்தில் மார்கழி விடியலில்கூட அந்த மணி அடிக்க வழியே இல்லை. ஆனாலும் மென்பொருளில் மணி இருக்கிறது. மியூனிக்குக்கு ஒன்று, செங்கல்பட்டுக்கு ஒன்று என்று யாரும் பிரித்து எழுதவில்லை. ஜாகுவார் லேண்ட்ரோவர் கார்களுக்காக ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு அடிக்கல் நாட்டியாயிற்று. வேலூர் வெயில் பக்கத்து வீடு.

அந்த மணி இங்கே அடிக்கும் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் டிசம்பர், ஜனவரி விடியல்களில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். சுற்றுலா வண்டிகளின் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டி எடுப்பார்கள். சமவெளியிலிருந்து முதல் தடவையாக அங்கே போன ஓட்டுநர், டேஷ்போர்டில் திடீரென ஒரு சின்னம் ஒளிர்ந்து டிங் என்று சத்தம் வந்ததும் வண்டிக்கு ஏதோ பழுது என்று பதறுவது உண்டு. நாற்பது ஆண்டு வரலாறு அந்த ஒரு டிங்கில் வந்து இறங்குகிறது. இறங்கும் இடத்தில் அதன் பாஷை பலருக்கும் புரிவதில்லை.

மலை ஏற்றத்தில்தான் இந்தக் கருவியின் அருமை தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் கார் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் கடக்கிறது. எண் பதினொன்று, பன்னிரண்டு டிகிரி இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு அது இறங்குவதைப் பார்க்கலாம். 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தை மலையுச்சியில் கொண்டுபோய் வைத்தவர்கள் தெளிந்த வானத்தைத் தேடிப் போனார்கள்; கோடையைக் கழிக்கப் போன வெள்ளைக்காரர்கள் தேடியது அந்தப் பன்னிரண்டு டிகிரியை.

அய்யனார் கோவில் பாதை வேறு வகை. ராஜபாளையத்திலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். முடங்கியாறு சாலை, மாந்தோப்புகள், தென்னந்தோப்புகள், நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறாம் மைல் நீர்த்தேக்கம், வனத்துறைச் சோதனைச்சாவடி, பிறகு நீர்காத்த அய்யனார். 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் இருக்கும் காட்டின் வாசல் அது. இங்கே உயரம் அதிகம் கூடுவதில்லை; அடிவாரத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. ஆனாலும் ராஜபாளையம் கடைவீதியின் சூடு தோப்புக்குள் இருப்பதில்லை. மரநிழலில் தார் காய்வதில்லை. இலைகள் ஆவியாக விடும் நீர் காற்றின் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மாலையில் மலையிலிருந்து குளிர்காற்று இறங்கும். இவ்வளவையும் கார் ஓர் எண்ணாகச் சுருக்கிச் சொல்கிறது. கொடைக்கானல் சாலையில் அந்த எண் காட்டுவது உயரத்தை; இங்கே காட்டுவது மரத்தை.

இறங்கும் எண்ணை நம்பலாம். சிக்கல் ஏறும் எண்ணில்.

வண்டி நின்றுகொண்டிருந்தாலோ ஊர்ந்தாலோ எஞ்சினின் அனலும் தாரின் அனலும் பம்பருக்குப் பின்னால் தேங்கி உணரியைச் சுடும். உச்சிவெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிப் போகும். அதை அப்படியே காட்டினால் வண்டி பொய் சொல்வதாகிவிடும் என்று பொறியாளர்களுக்குத் தெரியும். ஆகவே மென்பொருளில் ஒரு தந்திரம் வைத்தார்கள். வெப்பம் குறைந்தால் உடனே காட்டு. கூடினால் வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிக் கொஞ்சநேரம் ஓடும்வரை நம்பாதே. அந்த வேகமும் நேரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கொள்கை ஒன்றே. பனிக்குப் பயந்தவருக்கு இது சரியான ஏற்பாடு: ஆபத்து வரும் திசை கீழே, அங்கே தாமதம் கூடாது. வெயிலூருக்கு இதே ஏற்பாடு தலைகீழ். குளிர்ந்த தோப்பிலிருந்து கொதிக்கும் கடைவீதிக்குத் திரும்பும் கார், போக்குவரத்தில் ஊர்ந்தபடி, தோப்பின் எண்ணையே கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருக்கும்.

அய்யனார் கோவில் அடிவாரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தந்திரத்தின் விளைவை நேரில் காணலாம். அங்குள்ள அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்பும் குடும்பங்கள் வண்டியைக் கிளப்பும்போது, பக்கத்துப் பக்கத்துக் கார்கள் ஒரே எண்ணைக் காட்டாது. எஞ்சின் தண்ணீர் இன்னும் சூடாக இருந்தால் உணரியை நம்பாமல், நிறுத்தியபோது நினைவில் வைத்த பழைய எண்ணையே எடுத்துக் காட்டும் கார் உண்டு. எஞ்சின் முழுக்க ஆறியிருந்தால் புதிதாக அளந்து காட்டும். வெட்டவெளியில் நின்ற வண்டி என்றால் அந்த அளவும் மிகையாகவே இருக்கும். சிலவற்றில் பார்க்கிங்கில் தேங்கிய சூட்டை எண் உதறவே நாலைந்து கிலோமீட்டர் ஆகும். எந்தக் காரும் பழுதாகவில்லை. ஆளுக்கொரு விதி, அவ்வளவுதான்.

வானிலைத் துறையின் வெப்பமானியோ இப்படி விதி போட்டுத் திருத்த வேண்டியதில்லாத இடத்தில் இருக்கிறது. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், நாவலாசிரியர் ஆர்.எல். ஸ்டீவன்சனின் தந்தை, 1864-ல் வடிவமைத்த வெள்ளைப் பெட்டி அது: பலகைச் சாளரங்கள், உள்ளே நேர்வெயில் படாது, காற்று மட்டும் வந்துபோகும், தரையிலிருந்து ஓர் ஆள் மார்பளவு உயரம், கீழே புல்தரை. 1792-ல் வானாய்வகம் எழுந்த சென்னை நுங்கம்பாக்கம் வளாகத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45.0 டிகிரி இத்தகைய ஒழுங்கில் எடுத்தது. அன்று அண்ணா சாலை சிக்னலில் நின்ற காரின் திரையில் என்ன ஒளிர்ந்திருந்தாலும் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. அந்தக் காரின் உணரி முழங்கால் உயரத்தில், தாருக்கு மேலே, எஞ்சினுக்கு முன்னால் இருந்தது.

இருந்தாலும் ஓடும் காரின் வெப்பமானியை அறிவியல் புறக்கணிக்கவில்லை. வியன்னாவில் வில்ஹெல்ம் ஷ்மிட் 1927-லேயே காரில் வெப்பமானியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டி, நகரின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடு என்று அளந்தார். நகர வெப்பத்தீவு ஆய்வின் அடிப்படை முறைகளுள் ஒன்றாக அது நிலைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியிலிருந்து செண்பகத்தோப்புக்கோ, ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவிலுக்கோ ஓடும் கார் அறியாமல் செய்வது அதே வேலை. டிகிரியின் துல்லியத்தை நம்ப முடியாவிட்டாலும், ஒரே கார் ஒரே ஓட்டத்தில் காட்டும் வித்தியாசத்தை நம்பலாம்.

மெக்கானிக் கடைகளில் இந்த எண்ணுக்கு இன்னொரு முகம் உண்டு. முன்னால் இடித்து பம்பர் மாற்றி வந்த கார், ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் −40 என்று காட்டி நிற்கும். பம்பரைக் கழற்றியவர் உணரியின் சாக்கெட்டைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார். ஒயர் அறுந்தால் தடை எல்லையற்றுப் போகிறது. தடை கூடினால் குளிர் என்று பொருள். ஆகவே கணினி தன்னால் சொல்ல முடிந்த உச்சக் குளிரைச் சொல்கிறது. அந்த உச்சம் ஏன் −40? கார்களின் பொதுவான நோயறியும் மொழியான ஓபிடி-யில் வெளிவெப்பம் ஒரே பைட்டில், 0 முதல் 255 வரையான எண்ணாக அனுப்பப்படுகிறது. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் செல்சியஸ். பைட் பூஜ்யமானால் −40. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகும் புள்ளியும் அதுவே என்பதால், கார் எந்த அளவுகோலில் இருந்தாலும் பொய் ஒன்றே. விலை கூடிய கார்கள் இந்த அபத்தத்தைக் காட்டாமல் இரண்டு கோடுகளைப் போட்டு மௌனமாகிவிடும். ஆனால் அதோடு ஏசியும் முரண்டு பிடிக்கலாம். வெளியே கடுங்குளிர் என்று நம்பும் கணினி கம்ப்ரசரை ஓட விடாது. வியர்க்க விறுவிறுக்க வந்து "கேஸ் போயிடுச்சா பாருங்க" என்று கேட்பவரின் வண்டியில் சில சமயம் போனது ஒரு சாக்கெட் மட்டுமே.

காரணம், 1990களிலிருந்து அந்த ஒரு உணரிக்குப் பல முதலாளிகள். 1986-ல் பாஷ் நிறுவனம் அறிவித்த கேன் தொடர்பு முறை 1990களின் தொடக்கத்தில் எஸ்-கிளாஸ் போன்ற கார்களில் புகுந்ததும், ஒரு பெட்டி அளந்ததை எல்லாப் பெட்டிகளும் படிக்கலாயின. எஞ்சின், ஏசி, கண்ணாடி சூடாக்கி, டேஷ்போர்டு எல்லாம் ஒரே எண்ணைப் பங்குபோட்டுக்கொண்டன. உணரி எப்படியும் ஏசிக்காக இருக்கும், திரையும் இருக்கும். எண்ணைக் காட்ட இனிக் கூடுதல் செலவு ஏதுமில்லை. சொகுசு என்று தனிக்காசு வாங்கிய பொருள் சிறிய ஹேட்ச்பேக் வரை இறங்கி வந்தது இப்படித்தான்.

மின்சாரக் கார்களில் உணரியின் பழைய முதலாளியான இயந்திரமே மறுபடி ஆதிக்கம் செலுத்துகிறது. பேட்டரியைக் குளிர்விக்க எவ்வளவு மின்சாரம், ஏசிக்கு எவ்வளவு, மிச்சத்தில் மதுரை வரை போய்ச் சேர முடியுமா என்ற கணக்கில் வெளிவெப்பம் முக்கியமான உள்ளீடு. பயணி அதைப் பார்க்கிறாரா இல்லையா என்பது காருக்கு இரண்டாம் பட்சம். பயணிக்கோ இப்போது இரண்டு எண்கள். காரின் எண் ஒன்று. அதே திரையில் கைபேசி வழியாக இணையத்திலிருந்து வரும் எண் இன்னொன்று. இரண்டாவது அந்தச் சாலையில் அளந்தது அல்ல. வானிலைக் கணிப்பு மாதிரிகள் கட்டம் கட்டமாகக் கணக்கிட்ட மதிப்பு. மலையடிவாரமும் பக்கத்துச் சமவெளியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் அதற்கு வித்தியாசமே தெரியாது. மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையில் ராஜபாளையம், சிவகிரி தாண்டித் தென்காசியை நெருங்கும்போது ஆனி, ஆடிச் சாரலில் வெப்பம் சட்டென்று விழும் இடத்தை டேஷ்போர்டு கைபேசியைவிட முந்திச் சொல்லும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பதினைந்து நிமிடம் நின்ற பிறகு கைபேசியைக் கேட்பதே மேல்.